மூடி போடத் தெரிந்த எலி

இந்தக் கதையில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே வேண்டாம். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். சமையலறை வாசலில் ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அவர் முகத்துக்கு நேரே சிரித்தால் பாவம்.

அவர் கணக்கு வாத்தியார். பள்ளியில் அவர் இருமினால் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கும். வீட்டில் மனைவி இருமினால் இவர் எழுந்து நிற்பார்.

இன்று அவள் இருமவில்லை. பயமே அதுதான். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் தட்டினாள். ணங்! காலி டின்.

"என்னங்க, இது எப்படிக் காலியாச்சு?"

"டின்னா? நம்ம வீட்டுல டின்னெல்லாம் இருக்கா? இப்பத்தான் முதல் தடவையா பார்க்கறேன்."

"பரண்மேல, பழைய போர்வைக்குள்ள சுத்தி வெச்சிருந்தேன்."

"எலியா இருக்கும்."

"எலி போர்வையைப் பிரிச்சு, மூடியைத் திறந்து, தின்னுட்டு, மூடியைப் போட்டு, போர்வையை மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கு?"

"நல்ல குடும்பத்து எலியா இருக்கும்."

சொல்லிவிட்டு, பத்து விரலையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவர் ரத்தத்தில் சர்க்கரை எகிறி ஒரு மாதம் ஆகிறது. இனிப்பில் கை வைத்தால் என்ன தண்டனை என்பதும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. மனைவியின் அக்கா வந்து மூன்று மாதம் தங்குவாள். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். போன தடவை ஒரே ஒரு வாரம்தான் இருந்தாள்.

"தம்பி, விரலை நீட்டுங்க. வலிக்காது. வலிச்சாச் சொல்லுங்க, அடுத்த விரல்ல குத்தறேன்."

பத்து விரலும் தீர்ந்து, அவள் பார்வை மெல்லக் கால்பக்கம் இறங்கியபோதுதான், நல்லவேளை, லீவு முடிந்தது.

"சரி, எலியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

நம்பிவிட்டாள்! இருபது வருஷத்தில் அவர் சொன்னதை அவள் நம்பியதே கிடையாது.

அந்த நேரம் பார்த்து மகள் நோட்டோடு வந்தாள்.

"அப்பா, சொந்தமா ஒரு விகிதக் கணக்கு எழுதிட்டு வரச் சொன்னாங்க. சரியான்னு பாருங்க. ஒரு எலி, டின்னுல இருந்த பிஸ்கட்டை மூணு நாளாத் தின்னுச்சு..."

"ஏ... ஏன்மா எலி? ஆப்பிள் வெச்சு எழுதக் கூடாதா? ஊரே ஆப்பிள் வெச்சுத்தான் எழுதுது!"

"எலியோ யானையோ, கணக்கு கணக்குதானே? போடுங்க" என்றாள் மனைவி.

மகள் தொடர்ந்தாள். "தின்ன விகிதம் ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு. மொத்தம் தின்னது முப்பது. மூணாம் நாள் எத்தனை?"

வாத்தியார் பென்சிலை எடுத்தார். பென்சில் ஆடியது. குரலும் ஆடியது.

"மூணு நாளுக்கு மூணு எழுத்து வைக்கக் கூடாது. ஒரே எக்ஸ் போதும். முதல் நாள் எக்ஸ். அடுத்த நாள் ரெண்டு எக்ஸ். அப்புறம் நாலு எக்ஸ். கூட்டினா ஏழு எக்ஸ். தெரியாதது ஒண்ணே ஒண்ணுன்னு ஆயிட்டா, எப்படியும் பிடிச்சிடலாம்."

"பிடிச்சிடலாமாங்க?"

பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் நோட்டைப் பார்த்தார். அவ்வளவுதான், பயம் பறந்தது. உள்ளே இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"தப்பு! ஏழு எக்ஸ் முப்பதுன்னா எக்ஸ் முழுசா வராது. எலி என்ன, பிஸ்கட்டை ஏழு துண்டாக்கி ரெண்டை மட்டும் எடுத்துக்குமா? முப்பதை அடி. இருபத்தெட்டுன்னு போடு. எக்ஸ் நாலு. மூணாம் நாள் பதினாறு!"

"இருபத்தெட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

மூக்கில் ஊசி மருந்து வாசனைகூட அடித்தது. பிறகு, கணக்கே கைகொடுத்தது.

"ஏழால வகுபடணும்ல! அதுக்குத்தான்!"

"அவ்வளவுதானா? அப்ப முப்பத்தஞ்சும் வகுபடுமே. எலி முப்பத்தஞ்சு தின்னுச்சுன்னே இருக்கட்டும். எழுதிக்கோடி."

மகள் ரப்பரை எடுத்து அழித்தாள். முப்பத்தஞ்சு என்று எழுதினாள். வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. தின்றது தின்றதுதான், அதற்காக ஒரு மனிதன்மேல் இவ்வளவு ஏற்றிச் சொல்வதா?

"முப்பத்தஞ்சா? அபாண்டம்! டின்லயே மொத்தம் முப்பத்திரண்டுதானே இருந்துச்சு!"

மனைவி, மிக மிக மெதுவாக, இருமினாள்.

"விருந்தாளி குடுத்த டின்னுங்க. நான் திறந்துகூடப் பார்க்கலை. எத்தனை இருந்துச்சுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

மகள் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "பெரியம்மா, எப்ப கிளம்பறீங்க?"

வாத்தியார் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார், முப்பத்திரண்டும் வெளியே வந்த பிறகு.