டொலீடோவில் ஒரு வீடு

டொலீடோ வீட்டைச் சொந்தப் பெயரிலேயே வாங்கப்போவதாக நெவில் சொன்னதும் கணக்காளர் ப்ரூவிட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நோயாளியின் உறவினரிடம் பேசப்போகும் டாக்டரின் முகம்.

"சொந்தப் பேர்லயா?"

"ஆமா. பணம் என்னுது, பேரும் என்னுது."

"டொலீடோவுல பனி கொட்டும். வாடகைக்கு இருக்கிறவன் வாசல்ல வழுக்கி விழுவான். கேஸ் போடுவான். இங்க ஜீலாங்ல நீங்க படுக்கிற கட்டில் வரைக்கும் பிடுங்கிட்டுப் போவான்."

குழாய் ரிப்பேர் செய்தே முதுகு வளைந்தவர் நெவில். வயதான காலத்தில் உட்கார்ந்து சாப்பிட அமெரிக்காவில் ஒரு வாடகை வீடு; ஆசை அவ்வளவுதான். வீடும் பார்த்தாயிற்று. இப்போது கட்டிலை நினைத்துக் கலங்கினார்.

ப்ரூவிட் சொன்னபடி அமெரிக்காவில் ஒரு கம்பெனி முளைத்தது. 'நெவில் குளோபல் ஹோல்டிங்ஸ்.' விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று.

அடுத்த வாரம் ப்ரூவிட் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சிக்கல். அமெரிக்காக்காரன் அதைக் கம்பெனியாவே பாக்க மாட்டான். எல்லாம் நீங்கதான்னு வரி போடுவான். நம்ம நாட்டு வரிக்காரன் அது தனிக் கம்பெனிம்பான். அதுலேர்ந்து நீங்க எடுக்கிற பணத்துக்கு இங்க இன்னொரு வரி."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பாதுகாப்புதானே கேட்டீங்க? வரியைப் பத்திக் கேக்கலியே!"

ஆகவே ஒரு கூட்டு நிறுவனம் வந்தது. அதை நடத்த ஒரு கம்பெனி வேண்டியிருந்தது. இரண்டுக்கும் மேலே குடை பிடிக்கக் குடும்ப டிரஸ்ட். ப்ரூவிட் வரைந்த படத்தை நெவில் குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டினார். மனைவி லினெட் பால் எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"இத்தனை பெட்டியில நம்ம வீடு எது?"

"அடியில, அந்தக் குட்டிப் பெட்டி."

"நீ எங்க இருக்கே?"

நெவில் கொஞ்சநேரம் தேடினார். "நான் எங்கயும் இல்ல. அதுதான் இதுல சூட்சுமம்!"

டொலீடோவிலிருந்து வீட்டுத் தரகர் டார்லா கூப்பிட்டாள். "நெவில், வேற ஒருத்தர் ரொம்ப ஆர்வமாக் கேக்கறார். சீக்கிரம் முடிங்க."

நெவில் பதறிப்போய் ப்ரூவிட்டிடம் ஓடினார்.

"தரகருங்க எல்லாரும் இப்படித்தான் பயங்காட்டுவாங்க. அஸ்திவாரம் காயட்டும்" என்றார் ப்ரூவிட்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் சாசேஜ் புரட்டியபடியே நெவில் மைத்துனன் கிளைடுக்கு உபதேசம் செய்தார்.

"பெரிய பணக்காரன் பேர்ல எதுவுமே இருக்காதுடா. ஆனா எல்லாம் அவன் பிடியில இருக்கும்."

"அப்போ நானும் பாதிப் பணக்காரன். எம்பேர்லயும் எதுவும் இல்ல" என்றான் கிளைடு. "கருகுது, திருப்பு."

கடைசியில் எல்லாப் பெட்டிகளுக்கும் கையெழுத்துப் போட்டு முடிந்தது. விரல் வீங்கிவிட்டது. லினெட் பக்கத்தில் நிற்க, நெவில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு டார்லாவைக் கூப்பிட்டார்.

"நெவில் குளோபல் ஹோல்டிங்ஸ் பேசுது. வீட்டை வாங்க நாங்க தயார்."

"ஐயோ, அது போன வாரமே வித்துப்போச்சே!" என்றாள் டார்லா. "வாங்கினவர் உங்க ஊர்க்காரர்தான். கம்பெனி கிம்பெனி ஒண்ணும் வேணாம்னு சொந்தப் பேர்லயே முடிச்சிட்டார். ப்ரூவிட்டுன்னு பேரு, உங்களுக்குத் தெரியுமா?"