குதிகாலில் ஒரு வெள்ளைப் புள்ளி

காலை பத்தரைக்கே சாக்ஸுக்குள் கட்டியிருந்த ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது.

சாய்நாத் கால்சியம் மாத்திரை விற்கும் மெடிக்கல் ரெப். நேற்று எடுத்த எக்ஸ்ரேயில், வலது குதிகால் எலும்போடு தசைநார் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கால்சியம் படிந்திருந்தது.

"எங்க மாத்திரையாலயா டாக்டர்?"

"சாப்பிடறதால வராது. இழுபட்டு இழுபட்டு நைஞ்ச நார்ல படியும். ஷூவுல மெத்தை வை, ஐஸ் வை, சுவத்தப் பிடிச்சுக் கெண்டைக்கால நீட்டு. ரெண்டு மாசம் படியே ஏறாதே."

இன்று ஏரியா மேனேஜர் ஸ்ரீரங்கன் கூடவே சுற்றும் நாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். நொண்டுகிற ரெப்புக்கு யார் போடுவார்கள்?

தி.நகர் டாக்டர் மூன்றாவது மாடி.

"நீ மட்டும் போ. தனியா சமாளிக்கறியான்னு பாக்கணும்." ஸ்ரீரங்கன் பேஜரைப் பார்த்தபடி கீழேயே நின்றார்.

படியெல்லாம் ஈரத் தடம். பெருக்குகிற முத்தம்மா துணியோடு பின்னாலேயே வந்தாள்.

"இன்னாபா, ஒரு கால்ல மட்டும் மழையா?"

ஐஸைக் கழற்றி எறிந்தான். ஷூவுக்குள் இருந்த மெத்தையை இரண்டாக மடித்து வைத்தான். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தபோது உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏன் கோணலா நிக்கறே?" என்றார் ஸ்ரீரங்கன்.

"பை கனம் சார்."

"அப்போ சாம்பிளே குடுக்கலையா? மறுபடி போ, குடுத்துட்டு வா."

மறுபடி மூன்று மாடி.

அடையாறில், அவர் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக் காலை நீட்டினான். அவர் பார்த்துவிட்டார்.

"சுவத்தத் தள்ளிண்டு என்ன பண்றே?"

"எக்சர்சைஸ் சார்."

"இவ்ளோ தெம்பா? அடுத்த டாக்டர் நாலாவது மாடி. ஓடிட்டு வா. நான் ஆட்டோலயே இருக்கேன்."

சாயங்காலம் மயிலாப்பூர். கடைசி கிளினிக் தரைத்தளம். நேற்று எக்ஸ்ரே பார்த்த அதே டாக்டர். சாய்நாத்துக்கு வியர்த்தது. வேறு கிளினிக் போகலாம் என்றான்.

"இங்கதான் வரணும்" என்று ஸ்ரீரங்கன் முதல் ஆளாக இறங்கினார்.

வாசலில் கம்பவுண்டர் பஞ்சாட்சரம். சாய்நாத் கண்ணால் கெஞ்சினான். அவர் கவனிக்கவில்லை. உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து கத்தினார்:

"குதிகால்ல கால்சியம் கேஸ், வா!"

உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து சாய்நாத் எழுந்தான். மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"மன்னிச்சிடுங்க சார். அது நான்தான்."



பஞ்சாட்சரம் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"நீ நேத்தே பாத்துக்கினு பூட்டியே நைனா. நான் கூப்ட்டது உங்க மேனேஜரை. மூணு மாசமா வந்துக்கினு கீறாரு, படியே ஏறக் கூடாத கேஸு."