இடது பின்சக்கர விசாரணை

காரின் இடது பின் சக்கரத்தில் மூன்றாவது தடவையாகப் போல்ட் முறிந்த அன்று, பூதக்கண்ணாடி வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு முடிவை எடுத்தார். இனிமேல் மனைவி காரைத் தொடக்கூடாது.

பூதக்கண்ணாடி என்பது ஃபாக்டரியில் அவருக்கு வைத்த பெயர். அங்கே அவர் தரப் பரிசோதகர். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அதையே இலவச சேவையாகச் செய்துவந்தார். தலையணை உறையில் தையல் கோணல், அலமாரிக் கதவில் கீச்சு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. போல்ட் மட்டும் தப்புமா?

"சக்கரத்துக்கு அஞ்சு போல்ட்டு. மத்த மூணு சக்கரத்துல ஒண்ணுகூட உடையல. இதுல மட்டும் ஏன் உடையுது? சொல்லு."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீ திரும்பும்போது நடைபாதைக் கல்லுல ஏத்தி இறக்குற."

"நான் ஏத்தறதே இல்லையே."

"ஏத்தறவங்க யாரும் சொல்லிட்டு ஏத்தமாட்டாங்க."

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஊசி குத்தும்போது நோயாளிதான் கத்துவானே தவிர, அவள் குரல் உயராது. இப்போதும் உயரவில்லை.

"நான்தான் காரணம்னு எப்படிங்க முடிவு பண்ணீங்க? எதையாவது மாத்தி வச்சுப் பார்த்தீங்களா?"

"பார்க்கவே வேண்டாம். அனுபவம்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நகரத்தின் மறுகோடியில் புதிதாகத் திறக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் பல வருஷமாகக் காத்திருந்த வேலை. ஆனால் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் பூதக்கண்ணாடிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சாவிக்குக் கை நீட்டினார்.

"இந்த ஒரு தடவை நானே மெக்கானிக்கிட்ட விட்டு எடுத்துட்டு வந்து தர்றேன்" என்றாள். அப்படியே செய்தாள். சாவி கைமாறியதும் அவர் அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டார். "உங்க தங்கச்சிக்கு ஓட்ட வரலை, மச்சான். நல்லதுக்குச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறா." ஃபாக்டரியிலும் இந்தக் கதையை நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொன்னார். நடைபாதைக் கல்லில் ஏறி இறங்குவதைக் கையால் நடித்தே காட்டினார்.

மனைவி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். அவர் காரில் போனார், முப்பதுக்கு மேல் வேக முள்ளை ஏறவிடாமல். பதினோராம் நாள் ஃபாக்டரி வாசலில், ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம் பார்த்து, டக் டக்கென்று சத்தம் போட்டது கார். காவலாளி குனிந்து பார்த்தார்.

"ரெண்டு போல்ட்டு போச்சு சார். வலது பின் சக்கரம்."

"வலதா? நல்லாப் பாருங்க."

"எனக்கு வலது இடது தெரியும் சார். நீங்க நடைபாதைக் கல்லுல ஏத்தினீங்களா?"

சிரிக்கக் கூடாது என்று ஐம்பது பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மீதி மூன்று போல்ட்டோடு காரை ஊர்ந்து ஊர்ந்து வீடு கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம் காரணம் தயாரித்தார்.

"இது உன் பழைய வேலைதான். இடது பக்கம் நீ குடுத்த அடி, அச்சு வழியா வலது பக்கம் வந்திருக்கு."

"பதினோரு நாள் கழிச்சா?"

"மெதுவாத்தான் வரும்."

"நடந்து வந்திருக்கும் போல."

"கிண்டல் பண்ணாத."

"இல்லைங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் கழட்டிப் பார்த்துடுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

வட்டமாக வெட்டிய ரப்பர் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. ஐந்து ஓட்டை, மேலே கறுப்புப் பெயிண்ட். சக்கரத்தின் பாகம் போலவே இருந்ததால் மெக்கானிக்குக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் குளியலறை வாசல் மிதியடியை வெட்டி, பசை தடவி, பெயிண்ட் அடித்து ஒட்டியவர் சாட்சாத் பூதக்கண்ணாடியேதான். "பின்னாடி கடகடன்னு சத்தம் வருதுங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். அவளுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று ஆசையாகத்தான் செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி, இன்னொரு பக்கம் பிதுங்கிக் கிடந்தது. அது நசுங்க நசுங்க நட்டு தளரும். நட்டு தளர்ந்தால் சக்கரம் ஆடும். ஆட ஆட போல்ட் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பும் இரும்பும் இறுகும் இடத்தில் மெத்தென்று எதையும் வைக்காதே என்று ஃபாக்டரிச் சுவரில் கைப்பட எழுதி ஒட்டியிருப்பவரே அவர்தான்.

ஆனால் ஒன்று இடித்தது. ஒட்டியது இடது பக்கத்துச் சக்கரத்தில். அடி அச்சு வழியாக வரும் சரி, மிதியடியுமா வரும்?

அப்புறம்தான் உறைத்தது. சாவியைத் தருவதற்கு முன்னால் அவள் மெக்கானிக்கிடம் சக்கரங்களை இடம் மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறாள்.

ரப்பரைப் பிய்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. இனிமேல் போல்ட் முறியாது. நான் கைவைத்ததும் சரியாகிவிட்டது என்று மார்தட்டிக்கொள்ளலாம். இந்த நினைப்போடு உள்ளே போனார்.

மனைவி வாளி வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே போய் வந்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன்னை நினைத்தே கூச்சமாகிவிட்டது. சட்டைக்குள்ளிருந்து ரப்பரை எடுத்து அவள் எதிரில் வைத்தார்.

"என்னதுங்க இது?"

"மிதியடி."

"கிழிஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போட்டதாச் சொன்னீங்களே?"

"தூக்கித்தான் போட்டேன். சக்கரத்துக்குள்ள."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"உன் மேல துளி தப்பு இல்லம்மா. எல்லாம் என் வேலை. மச்சானுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். ரொம்ப வெக்கமா இருக்கு."

"இடம் மாத்தினதும் வியாதி சக்கரத்தோடயே போச்சு. ஓட்டினவங்க மேல தப்பு இல்லைன்னு அப்பவே ஆயிடுச்சு. உள்ள என்ன இருக்குன்னுதான் எனக்குத் தெரியல."

இனியாவது பெருந்தன்மை காட்டுவோம் என்று சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா. காரை நீயே வச்சுக்கோ. நாளைக்கே போய் அந்த வேலையை ஒத்துக்கறேன்னு சொல்லு."

"ஒத்துக்கிட்டு ரெண்டு வாரம் ஆகப் போகுதுங்க. நாளைக்குச் சேரணும். இன்னிக்குச் சாயங்காலம் மெக்கானிக் வந்து போல்ட்டு மாத்திடுவார்."

"அன்னிக்கு உன்கிட்ட காரே இல்லையே?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உடையுது. நான் சேர்ற நாளுக்குள்ள உங்க கையிலயும் உடையாமலா போயிடும்?"

பூதக்கண்ணாடி சாவியை அவள் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப நான் எப்படி வேலைக்குப் போறது?"

"உங்க ஃபாக்டரி பஸ்ஸுக்கு அன்னிக்கே பேர் குடுத்துட்டேங்க. ஆறேகாலுக்கு முனையில நிக்கணுமாம், லேட்டானா விட்டுட்டுப் போயிடுவாங்களாம்."