சோலையம்மாளின் உள்ளறிவு வெளிவந்த வரலாறு

மனித குலம் கண்டுபிடித்த கருவிகளுள் தலையாயது 'ஏன்' என்ற கேள்வியே. அதை அடுத்தடுத்து ஐந்து முறை கேட்டால் எப்பேர்ப்பட்ட நிபுணரின் உள்ளறிவும் வெளியே வந்துவிடும் என்பது மேலாண்மை ஆய்வின் முடிபு. அது மெய்யானதை எங்கள் மலைக்கிராமமான பள்ளங்கியில் நேரில் கண்டேன்.

ஆய்வாளர் முனைவர் கோகுல்ராஜ். நிபுணர், பூண்டு காயவைப்பதில் எங்கள் ஊரிலேயே கைதேர்ந்த சோலையம்மாள் சின்னம்மா. ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் 'கள ஆய்வு உதவியாளர்'. எனக்குக் கடமைகள் இரண்டு: சொல்வதை எழுதுவது, வாயைத் திறக்காமல் இருப்பது. இரண்டாவதில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

அந்த வருஷத்துப் பூண்டு முழுவதும் பிடுங்கிக் காட்டில் காய்ந்து கிடந்தது. நனைந்தால் அழுகிவிடும். வந்தவர் வெறுந்தரையில் உட்காரலாமா என்று, பூண்டை மூட வைத்திருந்த ஒரே படுதாவைச் சின்னம்மா மடித்துப் போட்டார். முனைவர் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் அமர்ந்தார்.

சின்னம்மா மேற்கே பார்த்தார். "இருட்டிக்கிட்டு வருது தம்பி. அரை மணியில எறங்கிரும்."

"ஏன் அப்படி நினைக்கிறீங்க?"

"காத்து நின்னுபோச்சுல்ல."

"காத்து நின்னா ஏன் மழை வரணும்?"

உட்கார்ந்த விருந்தாளியை எழுந்திரு என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே சின்னம்மா சுற்றிவளைத்தார். கால் மரத்துப் போயிருக்குமே என்றார். அந்த இடத்தில் எறும்பு அதிகம் என்றார். வீட்டில் காப்பி ஆறுகிறது என்றார். மூன்றையும் 'நிபுணரின் கிளைச் சிந்தனைகள்' என்று எழுதச் சொன்ன முனைவர், அடுத்து 'மௌன உத்தி'யில் இறங்கினார். கேட்பவர் பேசாமலிருந்தால் நிபுணர் தாமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாராம். ஐந்து நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் பக்கத்து மலையை விழுங்கியது.

கடைசியில் சின்னம்மா மரியாதையைக் கைவிட்டார். "தம்பி, வெரசா பூண்டை மூடணும்."

"அது செயல்மா. எனக்கு வேண்டியது அறிவு. ஏன் மூடணும்?"

சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீயாவது சொல்லேன்."

அதையும் எழுதிக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்கு மழை வந்தது. முனைவர் எழுந்தார். கூடவே படுதாவும் எழுந்தது, அவர் தலைக்கு மேலே. ரெக்கார்டர் ஒரு சொட்டும் படாமல் அவருடைய காருக்குப் போய்ச் சேர்ந்தது.

அறிக்கையை ஏரிக்கரை ஓட்டலில் வெளியிட்டார்கள். கைதட்டல் ஓய வெகுநேரமானது. அதன் முடிவுரை இது: 'மழை வருவதை அரை மணி நேரம் முன்பே அறிந்திருந்தும் நிபுணர் தம் இடத்தைவிட்டு அசையவில்லை. மலை விவசாயிகளுக்கு விரைந்து முடிவெடுக்கும் பயிற்சி இன்றியமையாதது.'

பயிற்சியை முனைவரே நடத்துகிறார். சின்னம்மாவுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.