எல்லார் சீட்டையும் பார்த்தவர்

உலகத்தில் தோற்கவே தோற்காத ஓர் இனம் உண்டு. போக்கர் மேசையில் சம்பளத்துக்குச் சீட்டுப் போடும் டீலர்கள்தான் அவர்கள். தோற்காததற்குக் காரணம் எளியது. அவர்கள் ஆடுவதில்லை.

அமெரிக்காவின் ரீனோ நகரில் எந்தச் சூதாட்ட விடுதிக்குள் நுழைந்தாலும் இவர்களில் ஒருவரைப் பார்ப்பீர்கள். கறுப்புச் சட்டை, அளவான புன்னகை, அதற்கு மேல் முகத்தில் ஓர் அசைவு இருக்காது. ஆனால் இடைவேளையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டால், அன்று தம் மேசைக்கு வந்த அத்தனை பேரின் ஆட்டத்தையும் பிரித்துப் போட்டு, பல் மருத்துவர் எங்கே சறுக்கினார், லாரிக்காரர் எதைக் கண்டு மிரண்டார், பெரிய தொப்பிக்காரர் கழுத்தைச் சொறிந்ததற்கு என்ன பொருள், அதைக் கவனிக்காமல் பந்தயச் சில்லுகளைக் கொட்டிய பள்ளி ஆசிரியை எவ்வளவு பெரிய ஏமாளி என்று அடுக்கிக்கொண்டே போய், ஒரு பெருமூச்சோடு முடிப்பார்.

"நான் மட்டும் அந்த நாற்காலில இருந்திருக்கணும்!"

இருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் தெரியாது. அதுதான் வசதி.

லோவல் டிபெட்ஸ் இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி. அவருடைய மகள் டெனீஸ், மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். பேச்சில் சிக்கனம். பிப்ரவரியில் அம்மா இறந்தார். பனி விட்டதும் அப்பா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். டீலர்களுக்குள் ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் ஜெயித்தால் வேலையை விட்டுவிடுவார், வீட்டை விற்றுவிடுவார், முழுநேர ஆட்டக்காரராகிவிடுவார்.

"இத்தனை வருஷமா பாக்கறேன்மா. நான் பாக்காத சீட்டே கிடையாது."

"காட்டின சீட்டைத்தான் பாத்தீங்க. வேணாம்னு கவுத்துப் போட்டதெல்லாம் உங்க கைக்குக் கவுந்தேதானே வந்துது?"

"அதனால?"

"ஆட்டத்துல பாதி அதுதானேப்பா."

"உங்கம்மா மாதிரியே பேசாத."



டெனீஸுக்கு வீடு மட்டும் கவலை இல்லை. அம்மா போன பிறகு அப்பா மனிதர்களோடு பேசுகிற ஒரே இடம் அந்த மேசை. பக்கத்து மேசை டீலர் லூப்பே என்ற அம்மாள் அதட்டினால்தான் சாப்பிடுகிறார். அதையும் விட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊர் ஊராக முகம் தெரியாதவர்கள் நடுவே உட்கார்ந்தால் என்ன ஆவார்? ஆகவே, அப்பா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவருக்குப் பிடித்த வான்கோழி சாண்ட்விச்சையும் கட்டிக்கொண்டு, அவள் போட்டிக்குப் போனாள்.

வேலை பார்க்கும் விடுதியில் டீலர்கள் ஆடக் கூடாது. அதனால் பௌலிங் கூடத்தின் பின்னறை. டீலர்கள் மட்டுமே ஆடும் போக்கரைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் ஆடுவதில்லை. எல்லாரும் வேலை செய்கிறார்கள். எதிராளியின் சில்லுகளை ஒழுங்காக அடுக்கித் தருகிறார்கள், "உங்க முறை சார்" என்று ஒருவரையொருவர் விரட்டுகிறார்கள், சீட்டுப் போடுபவரின் மணிக்கட்டில் குறை கண்டுபிடிக்கிறார்கள். மாலைக்குள் இருவர் மிஞ்சினார்கள். லோவல், லூப்பே.

"யோவ் லோவல், சீட்டைப் பாத்துட்டு ஏன்யா கல்யாண போட்டோவுக்கு நிக்கற மாதிரி சிரிக்கற?"

"நான் சிரிக்கலையே."

"காது சிரிக்குது."

டெனீஸ் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவர் கையில் இரண்டு ராணி. மேசை நடுவே இருவருக்கும் பொதுவாகத் திறந்து கிடந்த சீட்டுகளில் மூன்றாவது ராணி. லூப்பே தம்மிடம் இருந்ததையெல்லாம் நடுவே தள்ளினார். லோவலும் தள்ளினார். லூப்பே சீட்டைத் திருப்பினார். ஆசு ஒரு ஜோடி, ஒன்பது ஒரு ஜோடி. மூன்று ராணிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. வீடு போயிற்று என்று டெனீஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு ஜோடி, ஆசு பெருசு."

அப்பாவின் குரல். வேலைக் குரல்.

திறந்த சீட்டு ஒரு பக்கம், கவிழ்ந்த சீட்டு ஒரு பக்கம் இருந்தால் டீலரின் கைகள் அவரைக் கேட்பதில்லை. கவிழ்ந்தது கழித்த சீட்டுக் குவியலுக்குப் போகும், சில்லுகள் திறந்தவரிடம் போகும். லோவலின் கைகள் அதைச் செய்தன. பிசிறில்லாமல் செய்தன. சில்லு மலை மொத்தத்தையும் லூப்பேயிடம் தள்ளிவிட்டு, "நல்ல ஆட்டம் மேடம்" என்றும் சொன்னார். கவிழ்ந்து கிடந்தது தம்முடைய சீட்டு என்பது அந்த அறையில் அவருக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

"என்னய்யா வெச்சிருந்த?" என்றார் லூப்பே.

"மூணு ராணி."

"அட கடவுளே! எடுத்துக்கய்யா. மேலாகத்தானே கெடக்கு."

"குவியலத் தொட்டா செத்த சீட்டு."

"இங்க யாருய்யா கேக்கப் போறா? எல்லாம் நம்ம ஆளுங்கதானே!"

"அதனாலதான்."

மறுவாரம் அவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் விளக்கினாராம்: "வெறும் ரெண்டு ஜோடிய வெச்சுக்கிட்டு லூப்பே அத்தனையையும் தள்ளியிருக்கவே கூடாது. நான் மட்டும் அவ நாற்காலில இருந்திருந்தா..."

"இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப. சாப்பிடுய்யா" என்றாராம் லூப்பே.

லூப்பே தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தபோது டெனீஸ் சிரிக்கவில்லை. அம்மாவின் படுக்கைக்கு மேலே இதயத் துடிப்பைக் காட்டிய திரை அவள் கையால் பழுதுபார்த்தது. அந்த மருத்துவமனையில் அவளைவிட அதிகம் துடிப்புக் கோடுகளைப் பார்த்தவர்கள் குறைவு. கடைசி மாலை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கப்பா" என்றவளும் அவளே. அப்பாவும் போய்த் தூங்கினார்; விடிவதற்குள் அம்மா போய்விட்டார். அது பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்தவர் ஆட்டத்தை அத்தனை அலசுகிறவர், அந்த ஒன்றை மட்டும் அலசவில்லை.

ஆகவே இந்த இனம் சீட்டு மேசையில் மட்டும் வாழ்வதாக நினைத்துவிடாதீர்கள். லோவலின் கை குவியலை நோக்கிப் போனபோது, "நானாக இருந்தால் கையை மடியில் வைத்திருப்பேன்" என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் முன்னால் இன்னும் யாரும் ஒரு சீட்டுக்கூடப் போடவில்லை.