அம்மாவின் பாட்டைப் பாடிய ஆண்

நடந்தவை, வரிசைப்படி:

1. எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாடல் பாட அம்மா ஆசைப்பட்டாள்.
2. அதற்குத் தன் குரலைப் பதிவு செய்து கொடுக்கவேண்டியிருந்தது.
3. வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.
4. தனிப்பாடல், உலகத்திலேயே இல்லாத ஓர் ஆணுக்குக் கிடைத்தது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பதுதான் என் படிப்பு.

அம்மா நர்ஸ். டூட்டி மாறி மாறி வந்ததில் பயிற்சிக்கு ஒழுங்காகப் போகமுடியாமல் கொயரில் எப்போதும் பின்வரிசை. தனிப்பாடல் வருடா வருடம் கிரேஸ் ஆன்ட்டிக்கு. (கிரேஸ் ஆன்ட்டி நன்றாகப் பாடுவார். அதுதான் பிரச்சினையே.) அடுத்த ஆண்டு அம்மாவுக்கு ஓய்வு. லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. ஆக, தில்லியில் இதுதான் கடைசி கிறிஸ்துமஸ்.

கொயரை நடத்தும் டேனியல் அங்கிள் இந்த முறை இறங்கி வந்தார். "டூட்டி இருக்கிறவங்க வீட்டுல ரெக்கார்ட் பண்ணிக் கொண்டாங்க. சனிக்கிழமை ஹால்ல எல்லார் முன்னாலயும் போட்டுக் கேப்போம். யாருன்னு அப்பவே முடிவு."

"மக்களே, போன்ல பண்ணிருவோமா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

போனில் பண்ணியிருக்கலாம்.

நான் அலுவலகத் தோழி குர்ப்ரீத்திடம் ஒரு வோகல் ப்ராசஸர் இரவல் வாங்கி வந்தேன். மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உட்காரும் சிறிய இரும்புப் பெட்டி அது. குரலுக்கு எதிரொலி சேர்க்கும், ஒரு குரலை இரண்டு மூன்றாக்கும். எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் எதிரொலி மட்டுமே. ஆனால் பெட்டியின் பின்னால், கீபோர்டை இணைப்பதற்கு என்று ஒரு துளை காலியாக இருந்தது. காலியாக ஒரு துளை இருந்தால் என் படிப்புக்காரர்களால் சும்மா இருக்க முடியாது. வீட்டுக் கீபோர்டையும் சேர்த்து மாட்டினேன். அந்த இணைப்பு என்ன செய்யும் என்பது கையேட்டில் விளக்கமாக இருந்தது. (கையேட்டைப் படிக்கச் சொல்லி மற்றவர்களுக்கு மெயில் அனுப்புவதுதான் என் உத்தியோகம்.)

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதிவு. இரைச்சல் வரக்கூடாது என்று ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் பட்டுப் புடவையில் வந்து நின்றாள்.

"குரல் மட்டுந்தாம்மா. யாரும் பாக்கப் போறதில்ல."

"பாக்க வேண்டியவரு பாப்பாரு," என்று அம்மா மேலே காட்டினாள். "ஜல்தி பண்ணு, புடவை கசங்குது."

அப்பா ஜெபம் செய்யாமல் தொடங்க விடவில்லை. நாட்டுக்காக, தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக என்று ஒவ்வொன்றாக முடித்துக் கடைசியில், "இந்த வயர்களையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், தகப்பனே," என்றார். (வயர்களில் ஒரு கோளாறும் வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.)

வலது கை லேப்டாப்புக்குத் தேவைப்பட்டதால் இடது கையால், கீபோர்டின் கீழ்ப்பக்கத்துத் தடித்த சுரங்களில் மெட்டை வாசித்தேன். அம்மா பாடினாள். உண்மையாகவே நன்றாகப் பாடினாள். முடியும் சமயத்தில் தெருவில் காய்கறிக்காரர் கூவிக்கொண்டு போனார். அதற்குள் ஆமென் வந்துவிட்டதால் நான் கவலைப்படவில்லை.

இயர்போனை மாட்டி ஆமென் வரை கேட்டேன். அம்மாவின் குரல் பளிச்சென்று இருந்தது. என் இயர்போனில் இடது காது மட்டும்தான் வேலை செய்யும். பல மாதமாக அப்படித்தான், பழகிவிட்டது.

சபை ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக ஏலத்துக்கு வந்த பூசணிக்காயை யாரோ இடதுபக்கப் பெட்டியின் மேல் இறக்கியதிலிருந்து அது பேசுவதில்லை. வலது மட்டும்தான்.

சனிக்கிழமை டேனியல் அங்கிள் பதிவைப் போட்டார். ஓர் ஆண் பாடினார்.

கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் கம்பீரமான குரல். அம்மாவின் பாட்டு, அம்மாவின் உச்சரிப்பு. அம்மா மூச்சு வாங்கிய இடங்களில் அவரும் மூச்சு வாங்கினார். அம்மா மட்டும் எங்கும் இல்லை. இரண்டாம் சரணத்தில் என் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் பட்டிருந்தது. அந்த இடத்தில் அவர் குரல் நெளிந்து ஏறி இறங்கியது.

டேனியல் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த வளைவக் கேட்டீங்களா?"

எங்கள் கொயரில் டெனர் என்னும் ஆண்குரல் வரிசைக்கு ஐந்து பேர். பாடுகிறவர்கள் இருவர். அவர் உருகியதில் நியாயம் இருந்தது.

"ஸ்டெல்லாக்கா, இவர இத்தன வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? தனிப்பாட்டு இவருக்குத்தான். பேச்சே இல்ல," என்றார் அம்மாவிடம்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மறுத்திருக்க வேண்டும். காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே, நீங்களா?"

"அது வந்து... காலேஜ் நாள்ல கொஞ்சம்..."

அம்மா திரும்பிப் பார்த்தாள். மீதி வாக்கியம் அப்பாவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஆமென் வந்தது. அதற்குப் பிறகு, நான் வீட்டில் கேட்காமல் விட்ட பகுதியும் வந்தது. என் விரல் கடைசிக் கட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை போலும். அதே குரல், அதே பக்தியோடு நீட்டி முழங்கியது: "கோபீ... தாஜா கோபீ லே லோ..."



"அண்ணன் காலிஃபிளவர் யாவாரமும் பாக்காங்களா?" என்று கிரேஸ் ஆன்ட்டி கேட்டார்.

நான் எழுந்து விளக்கினேன். முதலாவது, கீபோர்டை இணைத்தால் மைக்கில் விழும் எந்தக் குரலையும் அந்தப் பெட்டி நான் அழுத்தும் சுரத்தில் பாடும். இரண்டாவது, நான் கீழ்ச் சுரங்களை அழுத்தியதால் அம்மா ஆணானாள், காய்கறிக்காரர் பாடகரானார். மூன்றாவது, அம்மாவின் சொந்தக் குரல் இடப்பக்கமும் பெட்டி செய்த குரல் வலப்பக்கமும் பதிவாகிவிட்டன. நான் இடதைக் கேட்டேன், ஹால் வலதைக் கேட்டது.

டேனியல் அங்கிள் பொறுமையாகத் தலையாட்டினார். "புரியுதும்மா. அவரு நாளைக்குப் பிராக்டிஸுக்கு வருவாரா, மாட்டாரா?"

"அப்படி ஒரு ஆளே இல்ல அங்கிள்."

அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அம்மா எழுந்தாள். "தம்பி, அது நான்தான். வயரு இல்லாம பாடுறேன், கேளுங்க." ஆனால் கோபத்திலும் பதற்றத்திலும் சுரத்தை எங்கோ அடியில் பிடித்துவிட்டாள். பாதியில் ஏற்றவும் முடியவில்லை, நிறுத்த மானமும் விடவில்லை. முழுப் பாட்டையும் அந்த ஆழத்திலேயே பாடி முடித்தாள்.

டேனியல் அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டெனர்," என்றார், மிக மெதுவாக.

அந்தக் கிறிஸ்துமஸில் கிரேஸ் ஆன்ட்டி தனிப்பாடல் பாடினார். கோட்டுப் போட்ட இரண்டு ஆண்களுக்கு நடுவே அம்மா பட்டுப் புடவையில் நின்று, அவர்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் சரணத்தில் மூவரும் அந்த வளைவைப் போட்டார்கள். டேனியல் அங்கிள் அதை முறைப்படி சொல்லிக்கொடுத்திருந்தார்.

இப்போதைய நிலைமை: அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. ஆனால் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. டெனருக்கு வேறு ஆள் இல்லை என்பதால் தில்லியிலேயே மயூர் விஹாரில் வாடகைக்கு இருக்கிறோம். டேனியல் அங்கிளின் போன் வந்தால் அப்பா, "ஸ்டெல்லா, அந்த டெனர் தம்பி இருக்காரான்னு கேக்காரு," என்று அம்மாவிடம் நீட்டுகிறார். தனிப்பாடல் இன்னும் கிரேஸ் ஆன்ட்டியிடம்தான் இருக்கிறது.