சனிக்குக் குறுக்கே ஒரு விளக்கு

கண்ணாடிக்கடைக்காரர் தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் எதிர் வீட்டு மாடியில் புது விளக்கு பளீரென்று எரிந்தது. சனியும் போயிற்று, அதன் வளையமும் போயிற்று.

ஊரார் மூக்கிலெல்லாம் கண்ணாடி மாட்டி, அந்த வருமானத்தில் ஆசையாக வாங்கிய தொலைநோக்கி. வீட்டில் அவரும் மனைவியும் இரண்டே பேர். வாங்கிய அன்றே மனைவி சொல்லிவிட்டாள்: "அவனவன் சனி விட்டாப் போதும்னு இருக்கான். நீங்க தேடிப் போய்ப் பாக்கறீங்க."

சண்டை போட அவருக்கு வாய் வராது. மறுநாள் எதிர் வீட்டம்மாவிடம் சுற்றி வளைத்துச் சொன்னார். "உங்க லைட் வெளிச்சம் எங்க மாடி வரைக்கும் வருதுங்க."

"வருதுல்ல?" அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நல்ல லைட் சார். பக்கத்து வீட்லயும் போடச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தாள். இப்போது இரண்டு விளக்கு.

அவர் வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி ஒரு தகர மூடி செய்து, "மழையில லைட் நனையாம இருக்கும்" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். உடனே ஏணி வைத்து ஏறி மாட்டினார், தலைகீழாக. அதுவரை மாடியில் பரவிக் கிடந்த வெளிச்சம் நேரே வானத்துக்குக் கிளம்பியது.

வேறு வழியில்லாமல் அன்று இரவு கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் பதுங்கினார். சனி அகப்படுவதற்குள், "அதோ, தொட்டிகிட்ட" என்று கீழே குரல் கேட்டது. தெருவே விளக்கைப் போட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் காரைத் திருப்பி ஹெட்லைட்டை மாடிக்கு அடித்தார்.

போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. "நான்தாங்க."

"நீங்களா?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "உங்க மாடியில யாரோ நடமாடறாங்கன்னு தங்கச்சி சொன்னா. உங்க வீட்டுப் பாதுகாப்புக்குத்தான் சார் லைட்டே போட்டோம்."

"நான் நட்சத்திரம் பாக்கறேங்க. இருட்டா இருந்தாத்தான் தெரியும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று ஆளாளுக்கு விளக்கை அணைத்தார்கள். தெரு இருண்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்தன என்று கேட்கும்படி நட்சத்திரங்கள் வந்து நின்றன. எல்லோரும் மாடியேறி வரிசையில் நின்று சனியைப் பார்த்தார்கள். "தொப்பி வச்ச மாதிரி இருக்கு" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். கண்ணாடிக்கடைக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவர் மனைவி மட்டும் படியோரமாக நின்று கொட்டாவி விட்டாள். "இதுல என்னதான் இருக்கோ."

கடைசியாகப் பார்த்தது டிரைவிங் ஸ்கூல்காரரின் தங்கை. நர்ஸ். இரவு டியூட்டிக்குக் கிளம்பியவள் கைப்பையோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, நான் பாத்தது சாரை இல்ல. நான் டியூட்டி முடிஞ்சு விடியக்காலையில வர்றப்பல்லாம் இந்தக் குழாய்மேல குனிஞ்சு நின்ன ஆளுக்கு நீளமாப் பின்னல் தொங்கிச்சு."